ஜாப் கார்டில் நான்கு கட்டங்கள்: பணிக் குறியீடுகளை வைத்து வண்டி, மெஷின் பராமரிப்பைச் சீராக்கும் முழு வழிகாட்டி

பெரும்பாலான பட்டறைகளில் ஜாப் கார்டுகள், அதாவது பட்டறைக்கு வந்த மெஷினில் பார்த்த வேலையை எழுதும் சீட்டுகள், கட்டுக்கட்டாக இருக்கும். ஆனால் “கடந்த மூன்று மாதத்தில் டிப்பர்களின் பிரேக்குக்கு எவ்வளவு செலவானது, அதில் எத்தனை முறை வண்டி வழியில் நின்றது?” என்று கேட்டால் பதில் வராது. கார்டில் “பிரேக் வேலை பார்த்தது” என்று மட்டும் இருக்கும். அது சர்வீஸில் கண்டுபிடித்து மாற்றிய லைனரா, மலைச் சரிவில் பிரேக் பிடிக்காமல் நின்ற வண்டியா என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த வழிகாட்டி 15 முதல் 100 வரை வண்டிகளும் மெஷின்களும் வைத்திருக்கும் மண்வேலை, குவாரி, சாலைப்பணி ஒப்பந்ததாரர்களின் பட்டறைகளுக்கானது. தனி மென்பொருள் தேவையில்லை, எக்செல் போதும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். குறியீட்டுப் பட்டியலை முதலில் அச்சடித்துவிட்டு, அதை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்று பிறகு யோசிப்பவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு சொத்து எண். பதிவு எண்ணை வைத்து ஓட்ட முடியாது. கம்ப்ரசர், ஜெனரேட்டர், ராக் பிரேக்கர் போன்றவற்றுக்குப் பதிவு எண்ணே கிடையாது. டிப்பருக்கு டி-01, எக்ஸ்கவேட்டருக்கு எக்ஸ்-01, பேக்ஹோ லோடருக்கு பே-01 என்பது போல வகையும் வரிசை எண்ணும் போதும். அதை மெஷினின் நீண்ட கையான பூமிலும், கதவிலும் பெயிண்டால் எழுதிவிடுங்கள். எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் தளத்தில் “ஹிட்டாச்சி”, “ஜேசிபி” என்றுதான் சொல்வார்கள். கார்டிலும் அப்படியே எழுதினால் நான்கு மெஷின்களின் கணக்கு ஒன்றாகக் கலந்துவிடும்.

ஓடும் ஹவர் மீட்டர், ஓடும் கிலோமீட்டர் மீட்டர். பழுதான மீட்டர்களை முதல் வாரத்திலேயே சரிசெய்யுங்கள். எத்தனை மணிக்கு ஒரு பழுது வருகிறது என்ற கணக்குக்கு வகுக்கும் எண் இதுதான். மீட்டர் இல்லாவிட்டால், அதிகம் ஓடிய மெஷின்தான் மோசமான மெஷின் போலத் தெரியும்.

கடைசி மூன்று மாத ஜாப் கார்டுகளில் சுமார் 100. ஒத்திகைக்கு இவை வேண்டும்.

குறியீட்டுக்குப் பொறுப்பான ஒரே ஒரு ஆள். மெக்கானிக் வேலை தெரிந்த சூப்பர்வைசராக இருப்பது நல்லது. அலுவலகத்தில் உட்கார்ந்து பில் மட்டும் பார்ப்பவரிடம் இதைக் கொடுத்தால், அவர் ஸ்பேரின் பெயரை வைத்தே குறியீட்டை ஊகிப்பார்.

1. கேள்விகளை முதலில் எழுதுங்கள்

ஒரு வெள்ளைத்தாளில், மாதம் முடிந்ததும் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவுகளை எழுதுங்கள். எந்த மெஷினை விற்பது, எந்த ஸ்பேரை ஸ்டோரில் வைப்பது, சர்வீஸில் எதைக் கூடுதலாகப் பார்ப்பது, எந்த ஆபரேட்டருக்குப் பயிற்சி கொடுப்பது, எந்த வெளிப்பட்டறையை மாற்றுவது. ஐந்து அல்லது ஆறு போதும்.

இனி ஒவ்வொரு குறியீட்டையும் இந்தத் தாளோடு ஒப்பிடுங்கள். எந்த முடிவுக்கும் உதவாத குறியீடு பட்டியலில் இருக்கக் கூடாது. இடது முன் விளக்கு, வலது முன் விளக்கு என்று தனித்தனி எண் கொடுத்தால் அதை வைத்து யாரும் எந்த முடிவும் எடுக்கப் போவதில்லை. ஆனால் மெக்கானிக் ஒவ்வொரு முறையும் அந்த நீண்ட பட்டியலில் தேட வேண்டியிருக்கும். தேடி அலுத்ததும் முதலில் கண்ணில் படும் எண்ணை எழுதிவிடுவார்.

2. நான்கு விஷயங்களை நான்கு கட்டங்களாகப் பிரியுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்களின் பட்டியல் இப்படித்தான் இருக்கும்: “ஆயில் லீக்”, “பம்ப்”, “ஹோஸ் மாற்றம்”, “விபத்து”, “சர்வீஸ்”. இதில் முதலாவது அறிகுறி, இரண்டாவது பாகம், மூன்றாவது செய்த வேலை, நான்காவது காரணம். ஐந்தாவது, வண்டி பட்டறைக்கு வந்த சந்தர்ப்பம். ஹோஸ் வெடித்து எண்ணெய் கொட்டி நின்ற மெஷினுக்கு இவற்றில் எந்த எண் போடுவது? மூன்று பேர் மூன்று எண் போடுவார்கள்.

அதனால் கார்டில் நான்கு தனிக் கட்டங்கள் வேண்டும்: ஏன் வந்தது, எந்தப் பகுதி, என்ன செய்தோம், ஏன் பழுதானது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சிறு பட்டியல். பட்டியல்கள் சிறியவையாக இருந்தாலும் நான்கும் சேரும்போது போதிய நுணுக்கம் கிடைத்துவிடும்.

அமெரிக்க லாரித் துறையின் வி.எம்.ஆர்.எஸ். (வாகனப் பராமரிப்புப் பதிவுத் தரநிலை) முறையும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். அங்கே பாகத்துக்கு மும்மூன்று இலக்கமாக ஒன்பது இலக்க எண் உண்டு. முதல் மூன்று இலக்கம் பகுதியைக் குறிக்கும்: 013 பிரேக், 017 டயர், 045 எஞ்சின். வந்த காரணம், செய்த வேலை, பழுதின் காரணம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பட்டியல்கள். முழுப் பட்டியலை உரிமம் பெற்றுத்தான் பயன்படுத்த முடியும். உள்ளூர்ப் பட்டறைக்கு அவ்வளவு ஆழம் தேவையும் இல்லை. அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு சொந்தப் பட்டியல் போடுவதே வசதி.

3. முதல் கட்டம்: ஏன் வந்தது

01 அட்டவணைப்படி சர்வீஸ்
02 சர்வீஸிலோ பரிசோதனையிலோ நாமே கண்ட பழுது
03 ஆபரேட்டர் சொன்ன பழுது, மெஷின் ஓடும் நிலையில்
04 பிரேக்டவுன், மெஷின் நின்றுவிட்டது
05 விபத்து
06 எஃப்.சி. (தகுதிச் சான்று) தயாரிப்பு
07 மாற்றியமைத்தல், கூடுதல் பொருத்துதல்

நான்கு கட்டங்களில் அதிகம் பேசுவது இதுதான். 02, 03, 04 மூன்றும் ஒரே பழுதை எந்த நேரத்தில் பிடித்தோம் என்று காட்டுகின்றன. டிப்பரின் ஜாயிண்ட் கிராஸில் (ஷாஃப்டை இணைக்கும் சிலுவை வடிவப் பாகம்) ஆட்டம் இருப்பதைச் சர்வீஸில் கண்டு மாற்றினால் 02. டிரைவர் “அடியில் சத்தம் வருது” என்று சொல்லி மாற்றினால் 03. ஷாஃப்ட் கழன்று வண்டி நின்றால் 04. கிராஸின் விலை மூன்றிலும் ஒன்றுதான். நின்ற நேரமும் ஆபத்தும்தான் பல மடங்கு வேறுபடும்.

02க்கும் 01க்கும் உள்ள வேறுபாட்டை ஆட்களுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். 500 மணி சர்வீஸுக்கு வந்த எக்ஸ்கவேட்டரில் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றியது 01. அப்போதே டிராக் ரோலரில் கசிவைக் கண்டு மாற்றினால் அது தனி வரி, 02. இரண்டையும் 01இல் போட்டால் சர்வீஸ் செலவு ஏறிக்கொண்டே போவது போலத் தெரியும். முதலாளி சர்வீஸைத் தள்ளிப்போடச் சொல்வார்.

இந்தப் பட்டியலில் இரண்டை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. ஒன்று வாரண்டி. அது யார் பணம் கொடுப்பது என்ற கேள்விக்கான பதில், வந்த காரணம் கிடையாது. அதற்குத் தனிக் கட்டம் வையுங்கள். மற்றது “மீண்டும் வந்த வேலை”. தான் பார்த்த வேலை திரும்பி வந்தது என்று எந்த மெக்கானிக்கும் தானே எழுதமாட்டார். அதை எக்செல் கண்டுபிடிக்கட்டும். வழி 11ஆம் படியில்.

4. இரண்டாம் கட்டம்: எந்தப் பகுதி

பத்து பத்தாகப் பிரித்த இரண்டு இலக்க எண் போதும். கீழே உள்ள பட்டியல் டிப்பர், எக்ஸ்கவேட்டர், பேக்ஹோ மூன்றுக்கும் பொருந்தும்.

எஞ்சின்: 11 எஞ்சின் உள்பாகம், 12 கூலிங், 13 டீசல் லைன், பம்ப், இன்ஜெக்டர், 14 காற்று வடிகட்டி, டர்போ, 15 சைலன்சர், ஆட்ப்ளூ.

மின்சாரம்: 21 பேட்டரி, செல்ஃப் மோட்டார், டைனமோ, 22 விளக்கு, வயரிங், 23 சென்சார், ஈ.சி.எம். (எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி)

டிரைவ்: 31 கிளட்ச், 32 கியர்பாக்ஸ், டார்க் கன்வர்டர், 33 ஜாயிண்ட் ஷாஃப்ட், 34 கிரவுன், ஆக்சில், 35 டிராவல் மோட்டார், ஃபைனல் டிரைவ்.

ஓட்டம்: 41 பிரேக், 42 ஸ்டியரிங், 43 பட்டை, சஸ்பென்ஷன், 44 டயர், 45 வீல் ஹப், பேரிங், 46 டிராக் செயின், ஷூ, ரோலர், ஐட்லர், ஸ்ப்ராக்கெட்.

ஹைட்ராலிக்: 51 பம்ப், 52 கன்ட்ரோல் வால்வு, 53 சிலிண்டர், 54 ஹோஸ், பைப், ஃபிட்டிங், 55 ஸ்விங் மோட்டார், ஸ்விங் பேரிங், 56 எண்ணெய், ஃபில்டர், டேங்க்.

வேலைக்கருவி: 61 பக்கெட், டூத், 62 பின், புஷ், 63 ராக் பிரேக்கர், 64 டிப்பர் பாடி, ஹாயிஸ்ட்.

மற்றவை: 71 கேபின், சீட், கண்ணாடி, 72 ஏ.சி., 73 சேசிஸ், டிங்கரிங், 80 முழு மெஷின், 99 எதிலும் சேராதது.

80 எதற்கு என்றால், சர்வீஸ் வரிக்கு. ஒரு 250 மணி சர்வீஸை எஞ்சின், ஹைட்ராலிக், டிரைவ் என்று உடைத்துப் பதிவு செய்வது வீண் வேலை. 01-80 என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள்.

ஹைட்ராலிக்கை ஆறாகப் பிரித்திருப்பதைக் கவனியுங்கள். எக்ஸ்கவேட்டரில் நேரத்தையும் பணத்தையும் அதிகம் தின்னும் இடம் அது. உங்களிடம் எக்ஸ்கவேட்டரே இல்லை, டிப்பர் மட்டும்தான் என்றால் 51 முதல் 56 வரை ஒரே எண்ணாகச் சுருக்கி, பிரேக்கை லைனர், காற்று லைன், ஸ்லாக் அட்ஜஸ்டர் என்று விரியுங்கள். எங்கே பணம் போகிறதோ அங்கே எண்கள் அடர்த்தியாக இருக்கட்டும்.

அறிகுறி தெரியும் இடத்தை எழுதுவதா, பழுதான இடத்தை எழுதுவதா என்ற குழப்பம் கண்டிப்பாக வரும். பழுதான இடம்தான். பூம் மெதுவாக இறங்குகிறது என்று வந்த மெஷினில் கடைசியில் வால்வு பழுது என்று தெரிந்தால் 52. ஆபரேட்டர் சொன்னதைக் கார்டின் மேலே வாக்கியமாக எழுதிவையுங்கள், அதற்குக் குறியீடு வேண்டாம்.

5. மூன்றாம் கட்டம்: என்ன செய்தோம்

1 சோதித்தது மட்டும்
2 டைட், அட்ஜஸ்ட்
3 சுத்தம் செய்தது
4 எண்ணெய், கிரீஸ், கூலண்ட் நிரப்பியது
5 கழற்றிப் பழுது பார்த்தது: சீல் கிட், வெல்டிங், லேத் வேலை
6 புதிய பாகம்
7 ரீகண்டிஷன் பாகம்
8 வேறு மெஷினில் இருந்து கழற்றிப் போட்டது
9 அட்டவணை சர்வீஸ் வேலைகள் மொத்தமும்

8ஐ விட்டுவிடாதீர்கள். அவசரத்துக்கு நிற்கும் மெஷினில் இருந்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றி ஓடும் மெஷினில் மாட்டுவது எல்லாப் பட்டறையிலும் நடக்கும். அதைப் பதிவு செய்யாவிட்டால், ஓடும் மெஷினுக்கு இலவசமாகப் பாகம் கிடைத்தது போலவும், நின்ற மெஷினுக்குக் காரணமே இல்லாமல் செலவு வந்தது போலவும் இருக்கும். எண் 8 எழுதினால் பாகம் கொடுத்த மெஷினுக்கும் அன்றே ஒரு கார்டு திறக்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள்.

6. நான்காம் கட்டம்: ஏன் பழுதானது

1 ஆயுள் முடிந்த தேய்மானம்
2 எண்ணெய், கிரீஸ், கூலண்ட் குறைவு
3 தூசு, தண்ணீர், மண் உள்ளே போனது
4 அதிக லோடு, தவறான இயக்கம்
5 பொருத்தியதில் பிழை
6 தரமற்ற ஸ்பேர்
7 உரசல், அதிர்வு, தளர்வு
8 வேறொரு பாகத்தின் பழுதால் வந்தது
9 தெரியவில்லை
0 பழுது இல்லை, சர்வீஸ் மட்டும்

9ஐத் தடை செய்யத் தோன்றும். செய்யாதீர்கள். தெரியாத காரணத்தை எழுதியே ஆக வேண்டும் என்று நெருக்கினால் எல்லாம் “தேய்மானம்” ஆகிவிடும். தேய்மானம் யாரையும் குற்றம் சொல்லாத பதில் என்பதால் மெக்கானிக்குகளின் பேனா அங்கேதான் போய் நிற்கும். 9 என்பது நேர்மையான பதில். 1 அளவுக்கு மீறி இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

5 எழுதியதற்காக யாருடைய சம்பளத்திலும் கை வைக்காதீர்கள். ஒரே ஒரு முறை பிடித்தம் செய்தாலும் அந்த எண் உங்கள் பட்டறையில் அதன் பிறகு வரவே வராது. 4க்கும் அப்படியே.

கழற்றிய பாகத்தைப் பார்க்காமல் இந்தக் கட்டத்தை நிரப்ப முடியாது. எனவே பழைய பாகத்தைக் கார்டு எண் எழுதிய அட்டையோடு ஒரு தட்டில் வைத்து, சூப்பர்வைசர் பார்த்த பிறகே பழைய இரும்புக்கு அனுப்புங்கள். ஹோஸின் மேல் ரப்பர் ஒரே பக்கம் தேய்ந்து கம்பி தெரிகிறதா, அல்லது முனையில் ஃபிட்டிங் பிடித்த இடத்தில் பிய்ந்ததா என்பது பாகம் கையில் இருந்தால்தான் தெரியும்.

7. ஜாப் கார்டை மாற்றி அச்சடியுங்கள்

ஒரு கார்டில் பல வரிகள், ஒரு வேலைக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் நான்கு குறியீடு, வேலை பார்த்தவர், எடுத்த மணி, யார் பணம், உள்ளேயா வெளிப்பட்டறையா. ஸ்டோரில் ஸ்பேர் கொடுக்கும்போது கார்டு எண்ணோடு வரி எண்ணையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பேரின் பணம் எந்தப் பகுதிக்குப் போனது என்று தெரியாது.

கிரீஸ், காட்டன் வேஸ்ட், நட்டு போல்ட் போன்றவற்றை வரிவரியாகப் பிரிக்க முயலாதீர்கள். மாத மொத்தத்தை ஓடிய மணிக்கு ஏற்பப் பங்கிட்டால் போதும். டயருக்கும் தனிப் பதிவேடு வையுங்கள். டயர் ஒரு வண்டியில் இருந்து இன்னொரு வண்டிக்குப் போகும், ரீட்ரெட் ஆகித் திரும்பும். அதன் கணக்கு டயர் எண்ணை வைத்துத்தான் வரும்.

கார்டின் தலைப்பில் நான்கு நேரங்கள்: மெஷின் நின்றது, பட்டறைக்குத் தகவல் வந்தது, வேலை தொடங்கியது, ஆபரேட்டரிடம் ஒப்படைத்தது. இவற்றோடு காத்திருப்புக்கு ஒரு சிறு பட்டியல்: 1 ஸ்பேர் இல்லை, 2 ஆள் இல்லை, 3 பண ஒப்புதல் வரவில்லை, 4 லோபெட் (மெஷினை ஏற்றிச் செல்லும் தாழ்வான டிரெய்லர்) அல்லது கிரேன் இல்லை, 5 வெளிப்பட்டறையில் இருக்கிறது. பலர் இதைத் தேவையில்லாத கூடுதல் என்று நினைக்கிறார்கள். நின்ற நேரத்தில் பாதிக்கு மேல் யாரும் ஸ்பேனரைத் தொடாத நேரமாக இருப்பது சாதாரணம். அதைப் பிரித்துப் பார்க்காமல் மெக்கானிக்கை விரட்டிப் பயனில்லை.

8. பழைய கார்டுகளில் ஒத்திகை பாருங்கள்

அச்சகத்துக்குக் கொடுக்கும் முன், எடுத்து வைத்த 100 பழைய கார்டுகளுக்குக் குறியீடு போட்டுப் பாருங்கள். 99 ஐந்துக்கு மேல் வந்தால் பகுதிப் பட்டியலில் ஓட்டை இருக்கிறது. ஒரே ஒரு எண்ணில் முப்பது கார்டு விழுந்தால் அதைப் பிரிக்க வேண்டும்.

அடுத்து, அதே கார்டுகளில் 30ஐ இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக் கூடாது. முதல் மூன்று கட்டங்களும் 25 கார்டிலாவது ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத கார்டுகளை எடுத்து எங்கே பிரிந்தார்கள் என்று பாருங்கள். ரேடியேட்டர் ஹோஸ் 12ஆ 54ஆ, ஹைட்ராலிக் எண்ணெய் கூலர் 12ஆ 56ஆ என்பது போன்ற எல்லைத் தகராறுகள்தான் வரும். தீர்ப்பை எழுதிப் பட்டியலின் அடியிலேயே சேர்த்துவிடுங்கள். நான்காம் கட்டத்தை இந்தச் சோதனையில் சேர்க்க வேண்டாம், பழைய கார்டுகளில் அதற்கான தகவல் இருக்காது.

9. யார், எப்போது எழுதுவது

முதல் கட்டத்தை கார்டு திறக்கும்போதே எழுத வேண்டும். வேலை முடிந்த பிறகு கேட்டால், பிரேக்டவுன்கூட “ஆபரேட்டர் சொன்னார்” என்று மென்மையாகிவிடும். மற்ற மூன்றையும் கார்டு மூடும்போது எழுதுங்கள். திறக்கும்போதே பகுதியை எழுதினால் அது வெறும் ஊகம். சார்ஜ் ஏறவில்லை என்று டைனமோவை எழுதி வைத்திருப்பார்கள், கடைசியில் பெல்ட் நழுவியிருக்கும்.

மெக்கானிக் செய்த வேலையைத் தமிழில் ஒரு வாக்கியமாக எழுதட்டும். சூப்பர்வைசர் அதைப் படித்து, பழைய பாகத்தைப் பார்த்து, அன்று மாலைக்குள் எண்களைப் போடட்டும். வாரக் கடைசியில் மொத்தமாகப் போடுவது என்று ஆரம்பித்தால் காரணக் கட்டம் முழுவதும் கற்பனையாகிவிடும்.

குறியீட்டுப் பட்டியல் ஏ4 தாளில் இரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். லேமினேட் செய்து பட்டறையிலும் ஸ்டோரிலும் தளத்திலும் மாட்டுங்கள்.

10. எக்செலில் ஏற்றுவது

ஒரு வரிக்கு ஒரு ரோ. காலம்கள் இந்த வரிசையில்: கார்டு எண், வரி எண், சொத்து எண், தேதி, ஹவர் மீட்டர், நான்கு குறியீடுகள், ஆள் மணி, ஸ்பேர் பணம், வெளி பில், நின்ற மணி, காத்திருந்த மணி, காத்திருப்புக் காரணம், யார் பணம்.

நான்கு குறியீட்டையும் ஒரே செல்லில் சேர்த்து அடிக்காதீர்கள். 03-12 என்று அடித்தால் எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும். 03 என்று மட்டும் அடித்தால் முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தின்றுவிடும். தனித்தனிக் காலம் வைத்து, அடிப்பதற்கு முன்பே அவற்றை டெக்ஸ்ட் வடிவமாக மாற்றிவிடுங்கள். டேட்டா வேலிடேஷன் மூலம் பட்டியலில் இல்லாத எண்ணை ஏற்காதபடி செய்யுங்கள்.

நின்ற மணியை கார்டின் முதல் வரியில் மட்டும் போடுங்கள். மூன்று வரியிலும் போட்டால் 10 மணி 30 மணியாகக் கூட்டப்படும். பல வரி உள்ள கார்டில், மெஷினை நிறுத்திய வேலைதான் முதல் வரி.

11. முதல் மாதம் எண்களை மட்டும் சரிபாருங்கள்

முதல் மாத முடிவை வைத்து எந்தத் தீர்மானமும் எடுக்காதீர்கள். வாரம் ஒருமுறை இவற்றை மட்டும் பாருங்கள்: ஹவர் மீட்டர் பின்னோக்கிப் போன ரோக்கள், மூன்றாம் கட்டத்தில் 6 எழுதியும் ஸ்பேர் பணம் காலியாக உள்ள ரோக்கள், 04 எழுதியும் நின்ற மணி இல்லாத ரோக்கள், 99 எத்தனை, காரணம் 1 எத்தனை. ஐந்து கார்டுகளை எடுத்து மெக்கானிக்கின் வாக்கியத்தோடு எண்ணை ஒப்பிடுங்கள்.

மீண்டும் வந்த வேலையைக் கண்டுபிடிக்க, சொத்து எண், பகுதி, தேதி என்ற வரிசையில் ஷீட்டை அடுக்குங்கள். அதே மெஷின், அதே பகுதி, 30 நாளுக்குள் மறுபடி 03 அல்லது 04 ஆக வந்திருந்தால் மஞ்சள் அடியுங்கள். எல்லா மஞ்சளும் மெக்கானிக்கின் பிழை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 54 என்றால் வேறொரு ஹோஸாக இருக்கலாம். 21இல் மஞ்சள் விழுந்தால் மட்டும் கூர்ந்து பாருங்கள். செல்ஃப் மோட்டாரை மாற்றி, அடுத்த வாரம் பேட்டரியை மாற்றி, கடைசியில் எர்த் கேபிளின் முனை துருப்பிடித்திருந்தது என்று முடியும் கதைகள் அங்கேதான் இருக்கும்.

12. மூன்று மாதம் ஆனதும் இப்படிப் படியுங்கள்

முதலில் மெஷின் வகையைப் பிரியுங்கள். டிப்பரையும் எக்ஸ்கவேட்டரையும் ஒரே பிவட் டேபிளில் போட்டு வரும் சராசரி இரண்டுக்கும் பொருந்தாது.

பிறகு பகுதிவாரியாக மூன்று எண்கள்: எத்தனை முறை, எவ்வளவு பணம், எத்தனை மணி நின்றது. மூன்றையும் பக்கம் பக்கமாக வையுங்கள். எண்ணிக்கையில் முதலிடம் டூத் மாற்றமாக இருக்கும், ஆனால் அது அரை மணி வேலை. ஒரே ஒரு முறை பழுதான ஸ்விங் மோட்டார் ஒன்பது நாள் நிறுத்தியிருக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்கள் டூத்தின் பின்னால் ஓடுவார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 6 எக்ஸ்கவேட்டர்கள், மாதம் தலா 200 மணி என்றால் மூன்று மாதத்தில் 3,600 மணி. அதில் 04-54, அதாவது ஹோஸ் வெடித்து நின்றது, 12 முறை என்று வைத்துக்கொள்வோம். 300 மணிக்கு ஒரு ஹோஸ். மொத்தம் நின்ற நேரம் 60 மணி, ஒரு ஹோஸுக்கு 5 மணி. அதில் காத்திருப்பு 4 மணி, காரணம் 1, ஸ்பேர் இல்லை. மாட்டுவதற்கு ஒரு மணிதான் ஆகிறது.

இப்போது இரண்டு வெவ்வேறு வேலைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. காத்திருப்பைக் குறைக்க, அடிக்கடி போகும் ஹோஸ்களை நீளம், விட்டம், அழுத்தத் தரம், இரு முனை ஃபிட்டிங் வகை எழுதி முன்கூட்டியே செய்து தளத்தில் வைக்க வேண்டும். வெடிப்பையே குறைக்க, நான்காம் கட்டத்தைப் பார்க்க வேண்டும். 12 முறையில் 8 முறை காரணம் 7, அதாவது உரசல் என்றால், விலை உயர்ந்த ஹோஸ் வாங்கி எந்தப் பயனும் இல்லை. கழன்றுபோன கிளாம்புகளைத் திரும்பப் போட்டு, உரசும் இடத்தில் உறை மாட்ட வேண்டும். பெரும்பாலும் முந்தைய வேலையில் கழற்றிய கிளாம்பைத் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள். 5 அதிகம் என்றால் கிரிம்பிங் செய்யும், அதாவது ஹோஸ் முனையில் ஃபிட்டிங்கை அழுத்திப் பிடிக்க வைக்கும் கடையைப் பாருங்கள். 1 அதிகம் என்றால்தான் மணிக்கணக்கு வைத்து முன்கூட்டியே மாற்றும் திட்டம் பொருந்தும்.

இதே முறையில் 62ஐப் பாருங்கள். பின், புஷ் தேய்மானத்தில் காரணம் 2, கிரீஸ் குறைவு என்று வந்தால், ஆபரேட்டரைத் திட்டும் முன் தளத்தில் கிரீஸ் கன் இருக்கிறதா என்று கேளுங்கள். 13இல் இன்ஜெக்டர் வேலை ஏறி, காரணம் 3 என்று வந்தால், டீசலைப் பேரலில் இருந்து எப்படி ஊற்றுகிறார்கள், வாட்டர் செப்பரேட்டரைக் காலையில் வடிக்கிறார்களா என்று பாருங்கள். காமன் ரெயில் எஞ்சினில் ஒரு இன்ஜெக்டரின் விலைக்கு நல்ல வடிகட்டியோடு கூடிய டீசல் பம்பே வாங்கிவிடலாம்.

மெஷின்வாரியாகவும் ஒருமுறை பாருங்கள். ஓடிய ஒரு மணிக்கு எவ்வளவு பராமரிப்புச் செலவு என்று வகுத்து, அதே வகை மெஷின்களை வரிசையில் வையுங்கள். ஒரு மெஷின் மட்டும் மேலே நின்றால், செலவு ஒரே பகுதியிலா, எல்லாப் பகுதியிலுமா என்று பாருங்கள். ஒரே பகுதி என்றால் அதை ஓவர்ஹால் செய்யலாம். 11, 32, 51, 46 என்று பரவலாக ஏறியிருந்தால் விற்பதைப் பற்றிப் பேசும் நேரம். விபத்துச் செலவான 05ஐ இந்தக் கணக்கில் இருந்து எடுத்துவிட மறக்காதீர்கள்.

13. சர்வீஸ் அட்டவணையைத் திருத்துங்கள்

பெரும்பாலான கையேடுகள் 250, 500, 1000, 2000 மணி என்று போகும். கையேடு சொல்லும் எண்ணெய், ஃபில்டர் இடைவெளியை நீட்ட இந்தக் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள். சோதனைகளைச் சேர்க்கவும் இடம் மாற்றவும் பயன்படுத்துங்கள்.

ஜாயிண்ட் கிராஸ் 04 ஆக வந்த மணிகள் 900, 1,050, 1,100, 1,300 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 1,087 என்பதால் 1,000 மணி சர்வீஸில் பார்த்தால் போதும் என்று தோன்றும். முதல் பழுது 900இலேயே வந்துவிட்டது. சோதனை 750இல் இருக்க வேண்டும். இங்கே 900 என்பது அந்தக் கிராஸ் மாட்டியதில் இருந்து ஓடிய மணி, மெஷினின் மொத்த மணியைப் போட்டுவிடக் கூடாது.

சர்வீஸ் நன்றாக நடக்கிறதா என்பதற்கு ஒரே ஒரு விகிதம் போதும்: 02, 03, 04 மூன்றின் மொத்தத்தில் 02 எத்தனை பங்கு. சோதனைகள் உண்மையிலேயே நடந்தால் மாதத்துக்கு மாதம் 02 ஏறும், 04 இறங்கும். 02 கிட்டத்தட்டப் பூஜ்யமாகவே இருந்து 04 மட்டும் இறங்காமல் இருந்தால், சோதனைத் தாளில் டிக் அடிக்கிறார்கள், மெஷினின் அடியில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. தொடக்கத்தில் 02 திடீரென்று ஏறி மொத்தச் செலவும் ஏறினால் பதறாதீர்கள். தேங்கிக் கிடந்த பழுதுகள் வெளியே வருகின்றன. முதலாளியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

14. பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் மாற்றுங்கள்

யாராவது வாரம் ஒரு புது எண் கேட்பார்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், உடனே சேர்க்க வேண்டாம். நடுவில் மாற்றினால் பழைய மாதத்தோடு ஒப்பிட முடியாது.

ஆறு மாதம் ஆனதும் 99இல் விழுந்த வரிகளை வாக்கியம் வாக்கியமாகப் படியுங்கள். ஒரே மாதிரி வேலை ஐந்து முறைக்கு மேல் இருந்தால் புது எண் கொடுங்கள். ஒருமுறைகூட வராத எண்ணை எடுத்துவிடலாம். எடுத்த எண்ணை வேறு எதற்கும் திரும்பக் கொடுக்காதீர்கள். 57க்கு இன்று ஒரு பொருள், ஒரு வருடம் கழித்து வேறு பொருள் என்றால் பழைய ஷீட்டும் புதிய ஷீட்டும் சேரும் இடத்தில் கணக்கு பொய்யாகிவிடும், அது யார் கண்ணிலும் படாது. பட்டியலின் மூலையில் பதிப்பு எண்ணும் தேதியும் போடுங்கள். புதிய தாளை மாட்டும் அன்றே பழைய லேமினேட் தாள்களை எல்லாத் தளங்களில் இருந்தும் கழற்றி வாங்கிவிடுங்கள். ஒரு தளத்தில் மட்டும் பழைய தாள் தொங்கினால், அந்தத் தளத்தின் மெஷின்கள் மட்டும் விசித்திரமாகப் பழுதாவது போலத் தெரியும்.